ஜெர்மனிக்கு ராணுவ மாற்றல்: நாலு பேருக்கும் பாஸ்போர்ட் சீக்கிரம் கிடைக்க என்ன வழி?

டெக்ஸாஸ் மல்லி:
வணக்கம். வீட்டுக்காரர் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறார், குடியுரிமை வாங்கியவர். கைஸர்ஸ்லாட்டர்னுக்கு மாற்றல். இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட், கிரீன் கார்டு. பாஸ்போர்ட் ஐந்து மாதத்தில் காலாவதி. மகளுக்கு 13 வயது, சென்னையில் பிறந்தவள், அவளுக்கும் கிரீன் கார்டுதான். மகன் 6 வயது, இங்கேயே பிறந்தவன், பாஸ்போர்ட் எடுத்ததில்லை. அடுத்த மாதம் முழுக்க வீட்டுக்காரர் பயிற்சிக்குப் போய்விடுவார். கூடுதல் கட்டணம் கட்டி எல்லாருக்கும் ஒரே தடவையில் வாங்கிவிட முடியுமா?

கே-டவுன்வாசி:
ஒரே தடவை நடக்காது. ஆளுக்கு ஒரு வழி. வீட்டுக்காரருக்குக் கவலையில்லை, நேட்டோ ஒப்பந்தப்படி ராணுவ அடையாள அட்டையும் மாற்றல் ஆர்டரும் போதும். குடும்பத்தாருக்குத்தான் பாஸ்போர்ட் கட்டாயம்.

மகனுக்கு நோ-ஃபீ பாஸ்போர்ட், அதாவது ராணுவ மாற்றல் போன்ற அரசுப் பயணத்துக்குக் கட்டணமில்லாமல் தருவது. பேஸில் (ராணுவத் தளத்தில்) உள்ள பாஸ்போர்ட் அலுவலகத்தில் டிஎஸ்-11 என்ற பாஸ்போர்ட் விண்ணப்பப் படிவமும், நோ-ஃபீக்கு ராணுவம் அனுமதி தரும் டிடி 1056 படிவமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். டிஎஸ்-11ஐ ஒரு பக்கம் மட்டும் அச்செடுங்கள், வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். அலுவலர் முன்னால்தான் போட வேண்டும். ஆர்டர் கைக்கு வருமுன்பே விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வார்களா என்று இன்றே கேளுங்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்து குடும்பத்துக்கான அனுமதி வருவதற்குள் பாதி நேரம் போய்விடும்.

60 டாலர் விரைவுக் கட்டணம் டூரிஸ்ட் பாஸ்போர்ட்டுக்குத்தான், அதாவது நாமே காசு கட்டி எடுக்கும் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு. நோ-ஃபீயை அதனால் ஒரு நாள்கூட முன்னே நகர்த்த முடியாது. நோ-ஃபீயைச் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால் டூரிஸ்ட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். 16 வயதுக்குக் கீழே 100 டாலர், அலுவலகக் கட்டணம் 35, அதோடு விரைவுக்கு 60. ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் பிறப்புச் சான்றிதழின் அசல் தபாலில் போய்விடும். ஆகவே மாநிலப் பதிவாளரிடம் முத்திரையிட்ட பிரதி இரண்டு வாங்கி வையுங்கள். மருத்துவமனையில் கால் ரேகை பதித்துக் கொடுத்த அழகான தாள் செல்லாது.

நோ-ஃபீ தாமதமானால் டூரிஸ்ட் பாஸ்போர்ட்டில் ஏற விடுவார்களா என்பதைப் பயண அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பி, ராணுவ விமானம் கிளம்பும் பால்டிமோர் வரை போகாதீர்கள்.

படிவப் புலி:
பயிற்சி விஷயத்தை யாரும் கவனிக்கவில்லையே. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அப்பா அம்மா இருவரும் நேரில் நிற்க வேண்டும். அவர் கிளம்புவதற்குள் நேரம் கிடைத்தால் இருவரும் பிள்ளைகளைக் கூட்டிப் போய் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் டிஎஸ்-3053 சம்மதப் படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் காட்டிய அடையாள அட்டையின் முன்பக்க, பின்பக்க நகலோடு கொடுத்துவிட்டுப் போகட்டும். பேஸ் சட்ட உதவி அலுவலகத்தில் நோட்டரிக்குக் காசில்லை. சம்மதப் படிவம் மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் செல்லாது. பிள்ளைக்கு ஒன்று, விண்ணப்பத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் அசலாகவே எடுங்கள். நகலை ஏற்க மாட்டார்கள்.

போட்டோ: 2க்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி கூடாது. ராணுவச் சீருடை மாதிரி பச்சைத் திட்டுப் போட்ட சட்டை பிள்ளைக்கு ஆசையாகப் போட்டுவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரவா தோசை:
மகள் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. 2000ஆம் ஆண்டின் குழந்தைகள் குடியுரிமைச் சட்டப்படி, 18 வயதுக்குள் கிரீன் கார்டோடு, குடியுரிமை பெற்ற பெற்றோரின் பொறுப்பில் அமெரிக்காவில் வாழும் பிள்ளை தானாகவே குடிமகள். தனி விண்ணப்பம் போட்டுச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நேரே டிஎஸ்-11: அவளுடைய பிறப்புச் சான்றிதழ், கிரீன் கார்டு, அப்பாவின் குடியுரிமைச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ். அவளுக்கும் நோ-ஃபீ கிடைக்கும். அப்பாவின் சான்றிதழ் பத்திரமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொலைந்திருந்தால் மறுபிரதிக்கு மாதக்கணக்காகும்.

டெக்ஸாஸ் மல்லி:
இது தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. ஆனால் அவளுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை, ‘பெண்’ என்று மட்டும் இருக்கிறது. என் கிரீன் கார்டிலும் பெயருக்கு முன்னால் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அடித்திருக்கிறார்கள்.

ரவா தோசை:
அப்படியென்றால் இன்று ராத்திரியே சென்னைக்குப் போன் போடுங்கள். மாநகராட்சியில் பெயர் சேர்க்கும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பதிவான 15 ஆண்டுக்குள் சேர்க்கலாம், கட்டணம் சொற்பம். பெயரை அவளுடைய கிரீன் கார்டில் உள்ள எழுத்துக்கூட்டல்படியே கொடுக்கச் சொல்லுங்கள். ‘ழ’வுக்கு ஆங்கிலத்தில் ‘zh’ போடுவதா, ‘l’ போடுவதா என்று தாத்தா அங்கே புதிதாக யோசிக்க வேண்டாம்.

‘எஃப்என்யு’ வருவது இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பதால். அதைச் சரிசெய்ய இது நேரமில்லை. பெயரைப் பிரித்து எழுதினால் சாதாரணப் புதுப்பிப்பாகப் போகாது, விவர மாற்றமாகிவிடும். இருப்பதை இருக்கிறபடியே புதுப்பியுங்கள். ராணுவக் குடும்பப் பதிவான டீர்ஸிலும் ஆர்டரிலும் விமானச் சீட்டிலும் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கே-டவுன்வாசி:
மல்லிக்கு நோ-ஃபீ கிடையாது, அது அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான். இந்திய பாஸ்போர்ட்டைக் காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம், இந்தியத் தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனம் வழியாகத் தட்கலில் போடுங்கள். வேறு நாட்டு பாஸ்போர்ட் உள்ள மனைவிக்கு ஜெர்மன் விசா வேண்டுமா என்பதை ஆர்டரைக் காட்டி ஜெர்மன் தூதரகத்திடமும் பேஸ் பாஸ்போர்ட் அலுவலகத்திடமும் கேளுங்கள்.

கூடவே மல்லி அமெரிக்கக் குடியுரிமைக்கும் போடலாம். வெளிநாட்டுப் பணிக்குப் போகும் ராணுவத்தாரின் மனைவிக்குக் குடியேற்றச் சட்டத்தின் 319(பி) பிரிவில் வழக்கமான மூன்றாண்டு காத்திருப்பு இல்லை. வெளிநாட்டுப் பணியை உறுதிசெய்து ராணுவம் தரும் டிடி 1278 படிவம் வேண்டும். பயணத்துக்கு 90 நாள் இருக்கும்போதுதான் தருவார்கள், உங்களுக்கு இப்போது சரியான நேரம். ஆனால் குடியுரிமை உறுதிமொழி எடுத்த நிமிடமே இந்திய பாஸ்போர்ட் செல்லாது, ஒப்படைத்துவிட வேண்டும். விமானத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் உறுதிமொழி நாள் வந்தால் கையில் எந்த பாஸ்போர்ட்டும் இருக்காது. அப்படி அமைந்தால் தேதியைத் தள்ளக் கேளுங்கள். ஆர்டரோடு போன மனைவிக்கு வெளிநாட்டிலேயே அதை முடிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.