புதுப்பிப்பு: தம்பியின் எச்-1பி விசா
அமெரிக்காவில் இருக்கும் தம்பியின் எச்-1பி (அங்கே வேலை செய்வதற்கான விசா) முடியப்போகிறது, என்ன வழி என்று தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதியைப் பார்த்து அம்மாவுக்குச் சோறே இறங்கவில்லை. ஆனால் தங்குவதற்குக் கணக்கு ஐ-94 தேதிதான்; எந்தத் தேதிவரை தங்கலாம் என்று அமெரிக்க அரசு தரும் பதிவு அது. அதற்குள் கம்பெனி நீட்டிப்பு மனுவைப் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை அதே வேலையில் 240 நாள் வரை தொடரலாம். மனு போட்டாயிற்று. வாட்ஸ்அப்பில் வந்த ரசீதை அம்மா விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

வேலை போனவர்கள் அதிகபட்சம் 60 நாள் அங்கே தங்கலாம். ஐ-94 முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் வேறு கம்பெனி மனு போட வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும். முதல் வாரமே வக்கீலைப் பாருங்கள்.

அப்புறம், ஒட்டிய விசா முடிந்தபின் ஊருக்கு வந்தால் திரும்பப் புது விசா வேண்டும். அதனால் தங்கை கல்யாணத்துக்கு அவன் வரவில்லை.