புதுப்பிப்பு: பழைய பைக் சாலைக்கு வந்துவிட்டது, வெட்டும் வேலை இனிமேல்தான்

பல வருஷம் ஓடாமல் நின்ற பைக்கை வாங்கி, உடனே பின்பக்க ஃபிரேமை வெட்டி கஃபே ரேசர் (தேவையற்ற பாகங்களைக் குறைத்து, பழைய பந்தய வண்டி போல மாற்றிய பைக்) ஆக்கப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். "முதலில் சட்டப்படி ஓட்டுகிற நிலைக்குக் கொண்டுவாருங்கள்" என்றீர்கள். கேட்டேன், நல்லவேளை.

முதலில் சேஸி எண், அதாவது ஃபிரேமில் பொறித்திருக்கும் வண்டியின் அடையாள எண். ஸ்டியரிங் கழுத்தில் அப்பியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டேன். பொருந்தியது. பொருந்தாமல் போயிருந்தால் மேற்கொண்டு செய்யும் எல்லாச் செலவும் வீண்.

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு பள்ளங்கள்) தேயாமல் நிறைய இருந்தது. ஆனால் பக்கவாட்டில் 2309 என்ற எண்: 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. கட்டைவிரலால் அழுத்தினால் ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. இரண்டையும் மாற்றினேன். பிரேக் ஆயில் கருத்துப்போயிருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கொதிநிலை இறங்கும், சூட்டில் ஆயில் கொதித்தால் அவசரத்தில் பிரேக் பிடிக்காமல் போகலாம். காலிப்பரை (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) பிரித்துச் சுத்தம் செய்து புது டாட் 4 வகை பிரேக் ஆயில் ஊற்றினேன்.

பின்பிரேக் விளக்கு எரியாததால், வண்டி சாலைக்கு ஏற்றதா என்று பார்க்கும் சோதனையில் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். சுவிட்ச் மாற்றியதும் சரி.

அப்புறம் ஓட்டிப் பார்த்ததில்தான் ஹேண்டில் நடுவில் 'டக்'கென்று சிக்குவது தெரிந்தது. கழுத்து பேரிங் பள்ளம் விழுந்திருக்கிறது. பெயின்ட் அடித்த பிறகு இதைக் கண்டுபிடித்திருந்தால் மனசு உடைந்திருக்கும்.

பேரிங் இந்த வாரம். ஃபிரேமை வெட்ட அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் கிரைண்டரை எடுப்பேன்.