மணிக்குத் திமிர் இல்லை, பயம்

பட்டிக்குள் விட்டால் குட்டி நாய் ஆட்டைக் கடிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டவருக்கு என் கதையைச் சொல்கிறேன்.

நான் வேலை செய்வது ஆஸ்திரேலியாவில், மேற்கு விக்டோரியாவில் மெரினோ என்னும் கம்பளி ஆடு வளர்க்கும் ஒரு பண்ணையில். ஆடு ஓட்டும் கெல்பி நாய் இனம் பிறந்த ஊர் என்று சொல்லிக்கொள்ளும் காஸ்டர்டன் இந்தப் பக்கம்தான். நம் ஊரில் தாத்தா வைத்திருந்த கிடை நாய்கள் ராத்திரிக் காவலுக்கு மட்டும்தான், ஆட்டை மடக்குவது கம்பும் கையுமாக நாங்கள். நாய் ஆடு ஓட்டும் என்பதையே இங்கே வந்துதான் பார்த்தேன்.

பத்து மாதக் கெல்பி ஒன்றைப் பண்ணைக்காரர் என்னிடம் விட்டார். மணி என்று பெயர் வைத்தேன் (அவர் காதில் பணம் என்று விழுந்திருக்கிறது, நல்ல பெயர் என்றார்). திறந்தவெளியில் பையன் தங்கம். யாரும் சொல்லித் தராமலே வளைந்து ஆட்டுக்கு அந்தப் பக்கம் போய், மொத்தத்தையும் என்னிடம் தள்ளிக்கொண்டு வருவான். பட்டிக்குள் விட்டதும் ஆளே வேறு. நாற்பது ஆடு மூலையில் நெருக்கியடித்து நிற்க, பாய்ந்து ஒரு கிடாவின் தொடையில் வாய் நிறையக் கம்பளியைப் பிடுங்கிவிட்டான். நான் கத்தக் கத்த இன்னும் மோசம்.

இரண்டு வாரம் திமிர் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்ய அவன் நிற்கிற இடத்திலேயே குந்தினேன். அவன் உயரத்திலிருந்து பார்த்தால் எதிரே கால்கள், கால்கள், அவ்வளவுதான். முன்னால் நின்ற கிழட்டு ஆடு ஒன்று என்னையே முறைத்து முன்னங்காலால் தரையைத் தட்டியது, முதுகுக்குப் பின்னால் இரும்பு வேலி. ஒதுங்க இடமில்லாதவன் பாயாமல் என்ன செய்வான்?

சரி, முதலிலிருந்து. நாய்க்குப் பழகிய ஐந்தாறு ஆடு, கொஞ்சம் பெரிய பட்டி, நீளக் கயிறு, பின்னால் கதவு திறந்தே. வேலிக்கும் ஆட்டுக்கும் நடுவே முழங்காலால் இடம் பண்ணிக்கொண்டு நான் முன்னால் போவேன், அவன் விலாவை வேலியோடு உரசியபடி பின்னால். ஒரு சுற்று நடந்து வெளியே வந்துவிடுவோம், ஐந்து நிமிடம்கூட ஆகாது. கட்டளை எதுவும் கிடையாது. நாலாவது நாள் என்னை முந்திக்கொண்டு மூலையின் இடுக்கில் அவனே நுழைந்தான், ஆடுகள் வேலியை விட்டு உரிந்து வந்தன, கடிக்கவில்லை.

அந்தத் தெம்பில் மறுநாளே முப்பது ஆடாகக் கூட்டினேன், என் அவசரம்தான். ஒன்று அவனை வேலியோடு வைத்து அழுத்திவிட்டது. ஒரு வாரம் பட்டி வாசலிலேயே படுத்துக்கொண்டான். மறுபடி அந்த ஐந்தாறு ஆட்டிலிருந்து.

போன வாரம் ரேஸில், அதாவது ஒற்றை வரிசையாக ஆடு போகும் ஒடுங்கிய பாதையில், முன்னால் ஒன்று நின்று மொத்தமும் அடைத்துக்கொண்டது. கடைசி ஆட்டின் முதுகைத் தட்டிக் காட்டினேன். ஏறிவிட்டான்! கம்பளியில் கால் புதையப் புதைய முதுகு மேலேயே முன்வரை போய், அதே வழியில் திரும்பி வந்தான். நாய் தலைப்பக்கமிருந்து தோளைத் தாண்டிப் பின்னால் வந்தால் ஆடு முன்னால் நகரும், அதுதான் இதில் சூட்சுமம். வரிசை ஓடியது.

ஒரே குறை, பட்டிக்குள் போனால் வாயே திறப்பதில்லை. சொன்னதும் குரைக்கப் பழக்கியவர்கள் இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள், என் தொண்டைதான் போகிறது.