வள்ளத்து வங்கும் ஒப்செட் கருவியும்: 12 மில்லிமீற்றர் சரியா, பிழையா?

உப்புவெளி வள்ளம் | காலை 9.12

பைபர் வள்ளத்துக்கு அச்சு எடுப்பதற்காக 18 அடியில் மர மாதிரி ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். ஏழு வங்குகள், அதாவது வள்ளத்துக்குக் குறுக்கே விலா எலும்புபோல் நிற்கும் சட்டங்கள். வெளிவடிவத்தை ஃப்ரீகேட் (FreeCAD) என்ற வரைபட மென்பொருளில் வரைந்தேன். வங்குகளின் மேல் அறையப்போகும் ரீப்பையின் தடிப்பு 12 மி.மீ. ஆகவே ஒவ்வொரு வங்கின் கோட்டையும் ஸ்கெட்ச் பகுதியில் உள்ள, இணைகோடு போடும் ஒப்செட் கருவியால் 12 மி.மீ. உள்ளே தள்ளினேன். ஏழுக்கும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. 2024 நவம்பரில் இந்தக் கருவியோடு 1.0 பதிப்பு வருமுன் இதையே கோடு கோடாக இழுத்துக் கண் வலித்தவன் நான்.

வள்ளம் கட்டும் எங்கள் ஓடாவியார் திரையைப் பார்த்துவிட்டு, "நடுவில் சரி, அணியத்துப் பக்கம் ஒத்து வராது" என்றார். அணியம் என்றால் வள்ளத்தின் முன்முனை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கணினி 12 என்றால் 12தானே?

கிண்ணியாக்காரன் | காலை 9.40

ஓடாவியார் சொன்னதே சரி, தம்பி. ஒரு பி.வி.சி. குழாயை எடுத்துச் சரிவாக அறுத்துப் பாருங்கள். சுவரின் தடிப்பு மாறவில்லை, ஆனால் அறுத்த முகத்தில் அது அகன்று தெரியும். உங்கள் வங்கும் அப்படி அறுத்த முகம்தான். ரீப்பை வள்ளத்தின் மேற்பரப்புக்குச் செங்குத்தாக 12 மி.மீ. தடிப்புடையது. வங்கின் தளத்தில் அளந்தால், அந்த இடத்தில் மேற்பரப்பு நெடுக்குத் திசையிலிருந்து எத்தனை பாகை சரிகிறதோ, அதன் கோசைனால் 12ஐ வகுக்க வேண்டும். நடுவில் சரிவு ஏறக்குறைய இல்லை, ஆகவே 12. அணியத்தில் 40 பாகை என்றால் 15.7. கருவிக்கு அந்தச் சரிவு தெரியவே தெரியாது.

இன்னொன்று. கப்பல் கட்டுகிறவர்களிடம் "ஒப்செட்" என்றால் நடுக்கோட்டிலிருந்து அளந்த அரை அகலமும் உயரமும் எழுதிய அட்டவணை. கணினிக்காரர் அந்தச் சொல்லை வேறு எதற்கோ வைத்துக்கொண்டு எங்களைக் குழப்புகிறார்கள்.

லிங்கநகர் வரைஞர் | காலை 10.25

நானா, கணக்கு சரி. ஆனால் குற்றத்தைக் கருவியின் தலையில் கட்டாதீர்கள். ஸ்கெட்ச் என்பது ஒரு தளம். அந்தத் தளத்துக்குள் கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு கேட்டார், அது கொடுத்தது. முப்பரிமாணக் கேள்வியை இருபரிமாணத்தில் கேட்டது தம்பியின் பிழை. முழு மேற்பரப்பையும் 12 மி.மீ. உள்ளே தள்ளி, பிறகு வங்குகள் நிற்கும் இடங்களில் வெட்டுமுகம் எடுத்திருந்தால் கோசைனைத் தேட வேண்டியதே இல்லை.

கை வேலையை அதிகம் புகழவும் வேண்டாம். அடிப்பகுதியை நீள்வட்டமாக வரைந்து, இரண்டு அரை அச்சுகளிலும் 12 கழித்து, "இதோ உட்கோடு" என்று கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீள்வட்டத்துக்கு இணையான கோடு நீள்வட்டமே அல்ல. அரை அச்சுகள் 600, 200 என்றால் அந்த முறையில் அச்சு முனைகளில் இடைவெளி 12 இருக்கும், நடுவே ஓரிடத்தில் பத்தரை அளவுக்குக் குறைந்துவிடும். கருவி அந்தத் தவறைச் செய்யாது.

கிண்ணியாக்காரன் | காலை 10.58

மேற்பரப்பை முழுதாகத் தள்ளலாம் என்று வாயால் சொல்வது எளிது. ஏராவும் (அடியில் நெடுக ஓடும் மரம்) அணியமும் சேரும் இடத்தில் வளைவு இறுகிக் கிடக்கும். ஓர் ஓரத்தை 10 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிட்டு 12 உள்ளே தள்ளச் சொன்னால், பத்தில் பன்னிரண்டு போகுமா? வில் மறையும், அல்லது கோடு தன்னையே வெட்டிக்கொண்டு முடிச்சாகும். மென்பொருள் அதைச் சத்தமில்லாமல் சரிக்கட்டிவிட்டால் யார் கண்டுபிடிப்பது? கரித்துண்டால் தரையில் வரைந்த ஓடாவிக்கு அந்த முடிச்சு கண்ணில் படும்.

லிங்கநகர் வரைஞர் | காலை 11.10

திரையிலும் படும், பெரிதாக்கிப் பார்த்தால். பெரிதாக்கிப் பார்க்காத சோம்பலுக்கு மருந்து கரித்துண்டு அல்ல.

சீனக்குடா ரவுட்டர் | பிற்பகல் 1.05

ரவுட்டர் இயந்திரத்தில் பலகை வெட்டுகிறவன் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். உங்கள் சண்டை ரீப்பைத் தடிப்போடு முடியட்டும், கட்டரின் அகலத்தையும் ஸ்கெட்ச்சுக்குள் திணிக்காதீர்கள். 6 மி.மீ. கட்டருக்கு 3 மி.மீ. விலக்கத்தை வெட்டுப் பாதை கணிக்கும் மென்பொருள் தானே போடும். போன மாதம் ஒருவர் ஸ்கெட்ச்சிலும் 3 தள்ளிக் கொண்டுவந்தார், நானும் வழக்கம்போல் 3 போட்டேன். 18 மி.மீ. பிளைவுட் முழுத்தாள் ஒன்று போனது. பணத்தை யார் தருவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஏரா உட்காரும் வெட்டையும் பாருங்கள். வங்கின் மூடிய கோடு முழுவதையும் தெரிவுசெய்து தள்ளினால் அந்த வெட்டின் பக்கங்களும் சேர்ந்து நகரும். ஏரா மரத்தின் அகலமோ மாறவில்லை. தள்ளுவது ரீப்பை தொடும் கோட்டை மட்டும்தான். உள்மூலைகளைக் கூராகக் கேட்காதீர்கள், உருண்டையான கட்டர் 3 மி.மீ. ஆரத்தை விட்டுவைக்கும். மூலையில் சிறு துளை ஒன்று வரைந்து தாருங்கள், மரம் இறங்கி உட்காரும்.

உப்புவெளி வள்ளம் | மாலை 5.48

வங்குகள் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டன என்பதைக் காலையில் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன். இன்று பின்னேரம் அணியப் பக்கத்து முதல் மூன்று வங்குகளையும் நிறுத்தி, ஒரு ரீப்பையை வளைத்துப் பிடித்தோம். மூல வெளிவடிவத்தில் வெட்டிய தகடு ஒன்று இருந்தது. அதை ரீப்பையின் மேல் வைத்துப் பார்த்தோம், மூன்றாம் வங்கில் படிந்தது. முதல் வங்கில் படியவில்லை, ரீப்பை மூன்றரை மில்லிமீற்றருக்கு மேல் பொங்கி நிற்கிறது. வங்கின் முன்விளிம்புதான் ரீப்பையைத் தாங்குகிறது, பின்விளிம்பு அதைத் தொடவே இல்லை.

லிங்கநகர் அண்ணா, மேற்பரப்பைத் தள்ளிப் பார்த்தேன். அணிய நுனியில் பிழைச் செய்தி காட்டி நின்றுவிட்டது. நுனியை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தள்ளினால் வருகிறது. முதல் இரண்டு வங்குகளையும் அதிலிருந்து எடுத்து மறுபடி வெட்டக் கொடுக்கப் போகிறேன்.

கிண்ணியாக்காரன் | மாலை 6.15

வெட்டிய நுனிக்கு என்ன செய்வீர்கள்?

உப்புவெளி வள்ளம் | மாலை 6.20

ஓடாவியார் மரக்கட்டை ஒன்றை எடுத்துச் சீவத் தொடங்கிவிட்டார், நானா.