பாண்ட் படங்களில் உங்கள் முதல் இடம் எதற்கு? பார்த்த கதையோடு சொல்லுங்கள், நெல்லை மக்களே

பாளையங்கோட்டை ஆள்:

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் 25 ஜேம்ஸ் பாண்ட் படங்களையும் ஒரு தாளில் வரிசை போட்டு நீட்டினான். அதில் கோல்டன் ஐ 14-ஆவது இடம். அவனோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. வெறும் பட்டியல் யாரும் போட வேண்டாம். எதை மேலே வைக்கிறீர்கள், அதை யாரோடு பார்த்தீர்கள், அதைச் சொல்லுங்கள்.

என் கதை இது. கோல்டன் ஐ நம்ம ஊருக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டர், முன்வரிசை டிக்கெட். படம் தொடங்கியதுமே அந்த அணைக்கட்டு. ஒரு ஆள் ஓடி வந்து மதில் மேல் ஏறி, கையை விரித்து அப்படியே குதிக்கிறான். இசை கிடையாது, காற்றுச் சத்தம் மட்டும்தான். விசிலடித்துக்கொண்டிருந்த தியேட்டர் சட்டென்று அடங்கிவிட்டது. எனக்குப் பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர், முன்பின் தெரியாதவர். அவன் குதித்ததும் என் முழங்காலைப் பிடித்தார். விழுந்துகொண்டே இருக்கிறான், பிடி இறுகிக்கொண்டே போகிறது. கீழே துப்பாக்கியால் கொக்கியைச் சுட்டு அவன் நின்ற பிறகுதான் கையை எடுத்தார். "ஏ தம்பி, ஆளு பொழச்சிட்டாம்லா?" என்று மெதுவாகக் கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பேண்ட்டில் முறுக்கு எண்ணெய் ஐந்து விரலாகப் பதிந்திருந்தது.

அது ஸ்விட்சர்லாந்தில் இருக்கும் வெர்சாஸ்கா அணை, 220 மீட்டர் உயரம். குதித்தவர் வெய்ன் மைக்கேல்ஸ் என்ற சண்டைக் கலைஞர், நிஜமாகவே குதித்தார். காரையார் அணைக்குப் போய் மதில் ஓரமாக நிற்கும்போதெல்லாம் எனக்கு முழங்காலில் அந்தக் கை தெரியும். 14-ஆவது இடமாம்.

அம்பை:

கோல்டன் ஐக்கு நான் மூன்றாம் இடம் தருவேன். முதல் இடம் 2006-இல் வந்த கேசினோ ராயலுக்குத்தான்.

பெரியப்பாவோடு போனேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: பெரியப்பா ஒரு காலத்தில் சீட்டில் இரண்டு கோட்டை விதைப்பாடு நிலத்தை விட்டவர். படத்தில் சீட்டாட்டம் வரும் என்று எனக்குத் தெரியாது. சண்டைப் படம் என்றுதான் அழைத்துப் போனேன்.

அந்த இடம் உங்களுக்கு நினைவிருக்கும். எதிராளியின் கண் துடிக்கிறது, பொய்யாகத்தான் பந்தயம் ஏற்றுகிறான் என்று நம்பி பாண்ட் கையில் இருப்பதை எல்லாம் முன்னே தள்ளுகிறான். எதிராளி சீட்டைத் திருப்பினால் நாலு ஜாக்கி. அந்த நிமிடம் பெரியப்பா எழுந்தார். பாத்ரூம் போகிறார் என்று நினைத்தேன். பதினைந்து நிமிடம் ஆகியும் வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தால் சைக்கிள் ஸ்டாண்டில், தன் சைக்கிள் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார். "உள்ள வாங்க பெரியப்பா" என்றேன். அசையவில்லை. நான் மட்டும் உள்ளே போய் மீதிப் படத்தைப் பார்த்தேன். அப்படிப் போனதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

படம் முடிந்ததும் ஓடி வந்து, "பெரியப்பா, கடைசியில அவன் ஜெயிச்சிட்டான்" என்றேன். "யாரு பணம் குடுத்தா?" என்று கேட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த ஆள் கொடுத்தான் என்றேன். ஒன்றும் பேசாமல் பூட்டைத் திறந்து சைக்கிளை உருட்டினார். கல்லிடை பாலம் வரை நடந்தே வந்தோம்.

கடைசிக் கையில் பாண்டுக்கு இஸ்பேடில் நாலிலிருந்து எட்டு வரை வரிசையாகச் சேரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தச் சீட்டுகளை என்னால் சந்தோஷமாகப் பார்க்க முடிந்ததில்லை. அந்த அளவுக்கு என்னைத் தொட்ட வேறு பாண்ட் படம் கிடையாது.

தென்காசி டெக்:

அம்பைக்காரரே, உங்கள் கதை மனசைப் பிசைந்துவிட்டது. ஆனால் படத்துக்கு முதல் இடம் தர என்னால் முடியாது. பாண்ட் படம் என்றால் ஊரே சேர்ந்து பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் கல்யாண வீட்டுக்கு வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போட்டார்கள். இரண்டாவது படம் ஆக்டோபஸி, 1983-இல் வந்தது. பாதிப் பேர் தூக்கத்தில். திரையில் உதய்ப்பூர். மகுடி ஊதும் ஒருவர் பாண்ட் இசையையே மகுடியில் வாசிக்கிறார். யாரென்று பார்த்தால் நம்ம டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ்! "ஏல, நம்ம மெட்ராஸ்காரன்ல!" என்று யாரோ கத்த, தூங்கியவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். அப்புறம் ஆட்டோ துரத்தல், டென்னிஸ் மட்டையாலேயே அடி. ரீவைண்ட் செய்து மறுபடி போடச் சொன்னார்கள்.

சமீபத்தில் அதே படத்தை மகளோடு பார்த்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தீ மிதிப்பவர், ஆணிப் படுக்கையில் படுப்பவர், வாளை விழுங்குபவர் எல்லோரும் ஒரே தெருவில் நிற்கிறார்கள். சூதில் ஜெயித்த ரூபாயை நம்மவர் கையில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக் கறியை வைத்து பாண்ட் ஒரு கேலி பேசுகிறான். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்கா எல்லாரும் கைதட்டினீங்க?" ஆமாம், தட்டினோம். அந்தக் கைதட்டலும் உண்மை, அவள் கேட்டதும் நியாயம். என் பட்டியலில் இது இன்னும் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது. முதல் இடம் கோல்ட்ஃபிங்கர், அதற்குக் கதை எதுவும் இல்லை.

பணகுடி:

எல்லோரும் மூன்ரேக்கரைக் கடைசியில் போடுவீர்கள் என்று தெரியும். எங்கள் ஊருக்கு மேலே மகேந்திரகிரி. இஸ்ரோவில் எஞ்சினைச் சோதிக்கிற அன்று மலைப்பக்கம் உறுமும். சின்ன வயதில் கேபிள் டிவியில் மூன்ரேக்கர் ஓடிக்கொண்டிருந்தபோது, ராக்கெட் கிளம்பும் நேரத்தில் மலையும் உறுமியது. தங்கச்சி டிவியைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தயவுசெய்து 1962-இல் வந்த டாக்டர் நோவிலிருந்து வரிசையாகப் பார்க்காதீர்கள், ஆறாவது படத்துக்குள் அலுத்துவிடும். டேனியல் கிரெய்க் நடித்த ஐந்தை மட்டும் வரிசை மாறாமல் பாருங்கள். 2006-இல் தொடங்கி 2021 வரை அது ஒரே கதை. அதிலும் கேசினோ ராயல் முடிந்த கையோடு குவாண்டம் ஆஃப் சோலஸைப் போட்டுவிட வேண்டும். அது 106 நிமிடம்தான், விட்ட இடத்திலிருந்தே தொடங்கும், தனியாகப் பார்த்தால் பிடிபடாது. நோ டைம் டு டைக்கு 163 நிமிடம் வேண்டும், இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் தொடங்காதீர்கள். அது முடிந்ததும் பின்னால் போங்கள். ஷான் கானரிக்கு ஆறு படம். அவரே நடித்த நெவர் சே நெவர் அகெய்ன் வேறு கம்பெனி எடுத்தது, அதை இந்த 25-இல் சேர்க்கக் கூடாது. ரோஜர் மூருக்கு ஏழு, பியர்ஸ் பிராஸ்னனுக்கு நாலு, டிமோதி டால்டனுக்கு இரண்டு, ஜார்ஜ் லேஸன்பிக்கு ஒன்றே ஒன்று. டால்டன் படங்களை மட்டும் தள்ளிவிடாதீர்கள். கிரெய்க் முகத்தில் பார்க்கிற கோபம் 1989-இலேயே டால்டனிடம் வந்துவிட்டது. சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். செல்போனில் பார்க்கவே வேண்டாம்.

பாளையங்கோட்டை ஆள்:

பணகுடி அண்ணாச்சி, எப்படிப் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. தங்கச்சி டிவியைத் தொட்ட கதையை இன்னும் நாலு வரி சொல்லியிருக்கலாம். டால்டன் விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

சங்கரன்கோவில்:

இங்கே யாரும் ராணி காமிக்ஸைச் சொல்லவில்லையே! 1984-இல் அது தொடங்கியபோதே முதல் நாயகன் பாண்ட்தான். எங்கள் அப்பா ஜெய்சங்கர் படம் பார்த்து வளர்ந்தவர், தென்னக ஜேம்ஸ்பாண்ட் இருக்கும்போது வெள்ளைக்காரன் எதற்கு என்பார். எனக்குப் பாண்ட் என்றால் கறுப்பு வெள்ளைப் படம், கட்டம் கட்டமாக. பஸ் ஸ்டாண்டு பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒன்றில் கடைசித் தாள் கிழிந்திருந்தது. தண்ணீருக்கடியில் பாண்டின் மூச்சுக்குழாயை ஒருவன் அறுக்கிறான், அதோடு சரி. எந்தப் படத்துக்குப் போனாலும் அந்தக் காட்சியின் மீதி வருமா என்றே பார்த்துக்கொண்டிருப்பேன். தண்டர்பாலில் தண்ணீருக்கடியில் பெரிய சண்டை வந்ததும் சீட்டு நுனிக்கு வந்துவிட்டேன். அது வேறு கதை. ஆனாலும் தண்டர்பாலுக்கே என் முதல் இடம்.

டவுன் மருமகள்:

லேஸன்பிக்கு ஒன்றே ஒன்று என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என் முதல் இடம் அந்த ஒன்றுக்குத்தான். 1969-இல் வந்த ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்.

மத்தியான நேரம், வீட்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை தரையில் உட்கார்ந்து சுளகில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது, திரையைப் பார்க்கக்கூட இல்லை. கடைசியில் பாண்டுக்குக் கல்யாணம் ஆகிறது. பூ சுற்றிய காரில் இருவரும் போகிறார்கள். வழியில் பூவை எடுத்துப் போடுவதற்காக நிறுத்துகிறார்கள். இன்னொரு கார் வருகிறது, சுடுகிறார்கள். அவன் திரும்பி உள்ளே பார்த்தால் கண்ணாடியில் ஓட்டை, அவள் தலை சாய்ந்திருக்கிறது. அவன் அவளை மடியில் போட்டுக்கொண்டு, அவள் சும்மா தூங்குகிறாள் என்பது போலப் பேசிக்கொண்டிருக்கிறான். திரும்பினேன். அத்தை கையில் ஒரு கொத்துக் கீரை அப்படியே நிற்கிறது, உருவவில்லை. "கார்ல கட்டின பூகூட வாடலயே" என்றார்கள். மாமா இறந்தபோது அத்தைக்குக் கல்யாணமாகி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது, "ஏட்டி, அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்?" என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த படம் 1971-இல், டயமண்ட்ஸ் ஆர் ஃபார் எவர். தொடக்கத்தில் வில்லனைத் தேடி அலைகிறான். ஆனால் அவள் பெயரை ஒரு வாய்கூடச் சொல்வதில்லை, படம் வேறு பக்கம் போய்விடுகிறது. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வேன்? ஆளும் மாறிவிட்டது, மறுபடி கானரி வந்துவிட்டார் என்று சொன்னாலும் அவர்களுக்கு என்ன?

நாலு நாள் தேடினேன். 1981-இல் வந்த ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி. அதில் ரோஜர் மூர்தான் பாண்ட். முதல் காட்சியே கல்லறைத் தோட்டம். கையில் பூவோடு வருகிறான். கல்லில் அவள் பெயர் இருக்கிறது, 1969 என்று ஆண்டும் இருக்கிறது. அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்து அதை மட்டும் போட்டேன். "இது வேற ஆளுல்லா" என்றார்கள். "ஆளு வேற, பையன் அவன்தான் அத்தை" என்றேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்கள்.

"பூ வச்சானா?"

"வச்சான் அத்தை."

"சரி, அமத்து" என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்கள்.