டோகமாக்கில் ஏன் 195 மைக்ரான் அலை?

பிளாஸ்மா_மாணவி:
எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். இங்கிலாந்தின் கல்ஹாமில் 2023 வரை இயங்கிய ஜெட் டோகமாக்கில் (அணுக்கரு இணைவுக்காகச் சூடான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளைய வடிவக் கருவி) 195 மைக்ரான் அலைநீள டிசிஎன் (டியூட்டீரியம் சயனைடு வாயு) லேசரை வைத்து அடர்த்தியையும் காந்தப்புலத்தையும் அளந்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1.5 டெராஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் போதாதா? சுலபமாகக் கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசராவது போதாதா?

தூர_அகச்சிவப்பு:
மைக்ரோவேவை முதலில் தள்ளிவிடுவோம். கனமீட்டருக்கு 10²⁰ எலக்ட்ரான் இருந்தால் பிளாஸ்மா அதிர்வெண், அதாவது எலக்ட்ரான்கள் கூட்டாக அதிரும் வேகம், 90 கிகாஹெர்ட்ஸ். 3 டெஸ்லா காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் புலத்தைச் சுற்றிவரும் சைக்ளோட்ரான் அதிர்வெண் 84 கிகாஹெர்ட்ஸ். அலையின் அதிர்வெண் இவற்றுக்கு அருகில் இருந்தால் அது திரும்பி வரும், இல்லையென்றால் எலக்ட்ரான்கள் அதை உறிஞ்சிவிடும். 1.5 டெராஹெர்ட்ஸ் இரண்டுக்கும் வெகு மேலே. ஒளிவிலகல் எண் 1-இலிருந்து ஆயிரத்தில் இரண்டு பங்குகூடக் குறையாது. அலை தாராளமாகக் கடந்துபோகும்.

அந்தச் சின்ன மாற்றத்தில்தான் எல்லாத் தகவலும் இருக்கிறது. நேர்கோட்டில் தளவிளைவுற்ற (மின்புலம் ஒரே தளத்தில் அதிரும்) அலையை இடம்சுழி, வலம்சுழி என்ற இரண்டு அலைகளின் கூட்டாகப் பாருங்கள். எலக்ட்ரான்கள் புலத்தைச் சுற்றி ஒரே திசையில்தான் சுழலும். அதனால் ஒரு சுழி அலையின் வேகம் மற்றதிலிருந்து மாறுபடும், வெளியே வரும்போது தளவிளைவுத் தளம் திரும்பியிருக்கும். அதுதான் ஃபாரடே சுழற்சி. அடர்த்தி 5×10¹⁹, பாதை 2 மீட்டர், பாதை நெடுகிலும் புலத்தின் கூறு 0.3 டெஸ்லா என்று போட்டுப் பார்த்தால் 195 மைக்ரானில் சுமார் 17 டிகிரி. நீங்கள் கேட்ட கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரானில் 0.05 டிகிரிதான். அதை நம்பகமாக அளப்பது பெரும்பாடு.

பிளாஸ்மா_மாணவி:
நன்றி சார். சுழற்சி அலைநீளத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அப்படியென்றால் 500 மைக்ரான் இன்னும் நல்லதுதானே?

தூர_அகச்சிவப்பு:
இல்லை. கற்றை வளைவதும் அதே வர்க்கத்தோடு கூடும். உறைந்த டியூட்டீரியத் துகளைச் செலுத்தி அடர்த்தி திடீரென ஏறும்போது கற்றை உணரியை விட்டு விலகிவிடும். சமிக்ஞை அறுந்து, அலைகளின் கட்ட வேறுபாட்டை வைத்து அடர்த்தியை அளக்கும் குறுக்கீட்டுமானி ஒரு முழுக் குறுக்கீட்டு வரியை (ஒரு முழுக் கட்டச் சுற்றை) எண்ணத் தவறிவிடும். அப்புறம் அந்தச் சோதனையின் அடர்த்திக் கணக்கே பிசகிவிடும். புலத்துக்குக் குறுக்கே போகும்போது வருகிற காட்டன்–மூட்டன் விளைவோ (இதுவும் தளவிளைவை மாற்றும்) அலைநீளத்தின் மூன்றாம் படியோடு ஏறுகிறது. இரண்டும் கலந்துவிட்டால் ஃபாரடே கோணத்தைப் பிரித்தெடுப்பது சிரமம். பிரான்சில் கட்டப்படும், அடர்த்தி கூடிய ஐட்டர் டோகமாக்குக்கு 119 மைக்ரான் மெத்தனால் லேசரைத் திட்டமிட்டது இந்த இழுபறியால்தான். மேலே சொன்ன கணக்கில் அது 6 டிகிரி தரும், தாராளமாகப் போதும். செமினாரில் இந்த ஒப்பீட்டைக் கட்டாயம் வையுங்கள், கேள்வி கேட்பவர்கள் இங்கேதான் பிடிப்பார்கள்.

ஆப்டிக்ஸ்_மேசை:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மாவைவிட அறைக் காற்றுதான் இந்த அலையை அதிகம் உறிஞ்சும், காரணம் நீராவி. எங்கள் ஆய்வகத்தில் கற்றை போகும் குழாய் முழுக்க உலர் நைட்ரஜன் ஓடும். மழைக்காலத்தில் ஒரு மூட்டு கசிந்தாலும் சமிக்ஞை உடனே சரியும்.