பாண்டியில் கப்பல் நிக்கிற நாள்ல பிச்சாவரமா? ஒன்றரை மணி நேரக் கணக்கு யார் போட்டது?

தேங்காய்த்திட்டு:
"குடும்பத்தோட சுற்றுலாக் கப்பல்ல வந்து பாண்டியில இறங்கினா கப்பல்காரன் விக்கிற டூரை வாங்காதீங்க, காசு தண்டம். வெளிய ஒரு வண்டி பிடிச்சா ஒன்றரை மணி நேரத்துல பிச்சாவரம். படகு ஏறிட்டு, வர்ற வழியில சிதம்பரம் கோயில், சாயந்தரம் ஆரோவில்." நேத்து இந்தக் குழுவுல ஒருத்தர் இப்படி எழுதி, நாப்பது பேர் அதுக்கு லைக் போட்டிருக்கீங்க. இதை நம்பி ஒரு குடும்பம் கிளம்பினா யார் பதில் சொல்றது?

பாண்டியில கப்பல் கரையோரம் வந்து அணையாது. 2025 ஜூலையில வந்த கப்பலும் நடுக்கடல்லதான் நங்கூரம் போட்டுச்சு. ஆளுங்களைச் சின்னப் படகுல ஏத்தித்தான் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தாங்க. நம்ம முகத்துவாரம் மணல் மூடுற முகத்துவாரம், தூர் வாரிக்கிட்டே இருந்தாத்தான் விசைப்படகே போகும்.

கணக்கு பாருங்க. 1,400 பேர் இறங்கணும், படகுக்கு நூறு பேர் ஏறுற மாதிரி ரெண்டு படகுன்னு வச்சுக்கோங்க. ஏத்தி, இறக்கி, திரும்பப் போக ஒரு நடை 40 நிமிஷம். மொத்தம் ஏழு நடை, 4 மணி 40 நிமிஷம். கப்பல்காரன் டூர் வாங்கினவங்க முதல் நடையில போவாங்க. நீங்க நம்பர் சீட்டு வாங்கிக்கிட்டு மேல உக்காந்திருக்கணும். கப்பல் காலை 8 மணிக்கு வந்தா உங்க கால் தரையில படும்போது 10 மணி. கடைசிப் படகு 4 மணின்னா படகுத்துறை வரிசையில 3:15க்கு நிக்கணும். மிச்சம் அஞ்சே கால் மணி நேரம். இதுல பிச்சாவரமாம், சிதம்பரமாம், ஆரோவிலாம்!

வெள்ளிக்கடற்கரை:
எழுதினவன் நான்தான். பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாமே, ஏன் "ஒருத்தர்"?

1,400 பேரும் இறங்குவாங்கன்னு யார் சொன்னது? வயசானவங்க, நீச்சல் குளத்தை விட்டு வராத பசங்கன்னு பாதிப் பேர் கப்பல்லயே இருப்பாங்க. 7:30க்கே போய் நம்பர் வாங்கினா 9 மணிக்குக் கரையில இருக்கலாம். வண்டி முன்னாடியே பேசி வச்சிருக்கணும். புது நாலுவழிச் சாலை கடலூர் ஊருக்குள்ளயே நுழையாது. ஒன்றரை மணி நேரம்தான். தினம் போற ரோடு.

தேங்காய்த்திட்டு:
ஒன்றரை மணி நேரம் எங்கேருந்து? அந்த நாலுவழிச் சாலை தேங்காய்த்திட்டு துறைமுக வாசல்லயா ஆரம்பிக்குது? ஊரை விட்டு மேற்க போய்த்தான் அதைப் பிடிக்கணும். பழைய ரோட்டுல போனா முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை. அதுக்கப்புறம்தான் உங்க கடலூரே வருது. எழுபது கிலோமீட்டர் சொச்சம். பி.முட்லூர் தாண்டி கிள்ளைப் பக்கம் திரும்பினா ஊர் ரோடு, அங்க எண்பதுல போக முடியாது. ரெண்டு மணி நேரம். போக வர நாலு. அஞ்சே காலுல நாலு போனா மிச்சம் ஒண்ணே கால். படகு டிக்கெட் வரிசை, ஒரு மணி நேரத் துடுப்புப் படகு, கழிப்பறை, சாப்பாடு எல்லாம் அதுக்குள்ள.

வெள்ளிக்கடற்கரை:
ஒன்றரை மணி நேரம்.

பாகூர்_ஏரி:
வண்டிப் பக்கத்துலருந்து ஒண்ணு சொல்றேன். பர்மிட் இல்லாத பிஒய் (புதுச்சேரிப் பதிவு) வண்டியைப் பேசிட்டு முள்ளோடை தாண்டினா தமிழ்நாட்டு சோதனையில நிக்கும். ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் இருக்கான்னு முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, நகலை வாட்ஸ்அப்புல வாங்கி வச்சுக்கோங்க. துறைமுக வாசல்ல நிக்கிற ஆட்டோ மீட்டர் போடாது. இடத்துக்கு இவ்வளவுன்னு பேசாம அரை நாளுக்கு இவ்வளவு, காத்திருப்பும் சேர்த்துன்னு பேசுங்க. ரெண்டு பெரியவங்க, ரெண்டு பசங்கன்னா ஒரு ஆட்டோ போதாது. 12 சீட் வேனுக்கு ஒயிட் டவுன் சின்னத் தெருவுல திரும்ப இடம் இருக்காது. இன்னோவா மாதிரி வண்டிதான் சரி.

ஒன்றரை மணிங்கறது காலை 6 மணிக்குக் கிளம்பினா. 10 மணிக்கு இல்ல.

வெள்ளிக்கடற்கரை:
நீங்களே ஒன்றரை மணின்னு ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

பாகூர்_ஏரி:
காலை 6 மணிக்குன்னு எழுதியிருக்கேன். முழுசாப் படிங்க.

திருப்பாப்புலியூர்:
ரெண்டு பேரும் பிச்சாவரத்தையே பிடிச்சுத் தொங்கறீங்க. நடுவுல கடலூர்னு ஒரு ஊர் இருக்கு. பாண்டியிலருந்து 22 கிலோமீட்டர்தான். தேவனாம்பட்டினத்துல வெள்ளி கடற்கரை, அதை ஒட்டி செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடம். 1690ல ஆங்கிலேயர் வாங்கினது. 1746ல சென்னை பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போனப்போ கிழக்கிந்தியக் கம்பெனிக்கே இதுதான் தலைமையிடம். பாடலீஸ்வரர் கோயில், திருவந்திபுரம் பெருமாள் கோயில் எல்லாம் பக்கத்துலயே. அரை நாள் திட்டத்துக்கு இதைவிட என்ன வேணும்? கப்பல்காரன் டூர்ல கடலூர் பேரே இருக்காது. பாண்டிக்காரங்களும் சொல்ல மாட்டாங்க.

தேங்காய்த்திட்டு:
கோட்டையில பார்க்க என்ன மிச்சம் இருக்கு? 1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி பிடிச்சு இடிச்சாச்சு. குடும்பத்தைக் கூட்டிட்டுப் போய் எதைக் காட்டுவீங்க?

திருப்பாப்புலியூர்:
இடிச்சது உங்க ஆளுங்கதான். 1761ல ஆங்கிலேயன் வந்து பாண்டியையே தரைமட்டம் ஆக்கினான், அதையும் சேர்த்துச் சொல்லுங்க. இன்னைக்கு நீங்க "பிரெஞ்சுத் தெரு"ன்னு காட்டுறதெல்லாம் அதுக்கப்புறம் கட்டினது.

தேங்காய்த்திட்டு:
அப்புறம் கட்டினாலும் கட்டடம் நிக்குதுல்ல? பழைய கலங்கரை விளக்கம் 1836ல கட்டினது, கடற்கரைச் சாலையில கண்ணு முன்னால இருக்கு. உங்களுக்கு ஒரு சுவரும் ஒரு போர்டும்.

நெல்லித்தோப்பு:
சண்டைக்கு நடுவுல கேக்கறதுக்கு மன்னிச்சுக்கோங்க. மாமியாருக்குச் சக்கர நாற்காலி, பையனுக்கு ரெண்டு வயசு. பாண்டிக்குள்ளயே சுத்தற மாதிரி திட்டம் சொல்லுங்க அண்ணே. மணக்குள விநாயகர் கோயில்ல யானைகிட்ட ஆசீர்வாதம் வாங்கணும்னு பையன் கேக்கறான்.

முத்தியால்பேட்டை:
அந்த யானை லட்சுமி 2022 நவம்பர் 30ஆம் தேதியே போயிடுச்சு. ஊரே திரண்டு அழுதுச்சு. பாண்டியில இருந்துக்கிட்டு இது தெரியாதா?

நெல்லித்தோப்பு:
நாங்க இப்ப துபாய்ல இருக்கோம். அதுக்கு இப்படி அதட்டணுமா?

தேங்காய்த்திட்டு:
முத்தியால்பேட்டை, அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, இல்லன்னா சும்மா இருங்க.

அக்கா, சக்கர நாற்காலியைப் பத்தி முதல்ல. கப்பலோட பக்கவாட்டுக் கதவுலருந்து படகுக்கு இறங்கணும். அலையில படகு ஏறி இறங்கும், மேடை அசையும். நடக்கவே முடியாதவங்களை நாற்காலியோட தூக்கிப் படகுல வைக்க மாட்டாங்க. கடல் கொஞ்சம் கொந்தளிச்சாலும் வேண்டாம்னுடுவாங்க. ரெண்டு படி தானா இறங்குவாங்கன்னா மடக்கு நாற்காலி கொண்டு வரலாம். பேட்டரி நாற்காலி கனம் அதிகம், அதை நம்பாதீங்க. முந்தின நாள் ராத்திரியே வரவேற்பு மேஜையில சொல்லி வைங்க. அவங்களால இறங்க முடியலன்னா யார் கூட இருக்கறதுங்கறதையும் அப்பவே முடிவு பண்ணுங்க. படகு வரிசையில நின்னு முடிவு பண்ணாதீங்க.

கோயில் நடை 12:30க்குச் சாத்தினா 4 மணிக்குத்தான் திறப்பாங்க. அதனால முதல்ல கோயில். ஆசிரமம் காலை 8லருந்து 12 வரைக்கும், மதியம் 2லருந்து 6 வரைக்கும். மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தையை உள்ள விட மாட்டாங்க, ஒருத்தர் பையனோட வெளிய நிக்கணும். திங்கக்கிழமைன்னா அருங்காட்சியகம் கிடையாது. 11லருந்து 3 வரைக்கும் கடற்கரைச் சாலை கொதிக்கும், பெரியவங்களை அங்க நடக்க வைக்காதீங்க. அந்த நேரத்துக்குத் தாவரவியல் பூங்கா, நிழல் இருக்கு. ராத்திரி கடற்கரைச் சாலையில வண்டி ஓடாதுன்னு படிச்சிட்டுக் குழம்ப வேண்டாம். அது சாயந்தரம் 6லருந்து காலை 7:30 வரைக்கும். நீங்க அப்ப கப்பல்ல இருப்பீங்க.

கையில எடுத்துக்க வேண்டியது: கப்பல் அட்டை, போட்டோ உள்ள அடையாள அட்டை, ரெண்டு வேளைக்குக் கூடுதலா மருந்து. அன்னைக்குக் கப்பல்ல கொடுக்கற தினத்தாளைப் போட்டோ எடுத்துக்கோங்க, கடைசிப் படகு நேரமும் துறைமுக ஏஜென்ட் நம்பரும் அதுல இருக்கும். பாண்டியில மது பாட்டில் வாங்கினா கப்பல்ல ஏறும்போது வாங்கி வச்சிட்டு, பயணம் முடியற அன்னைக்குத்தான் கையில கொடுப்பாங்க.

வெள்ளிக்கடற்கரை:
இவ்வளவு சொன்னவர் ஆரோவில் மாத்ரிமந்திரை ஏன் விட்டுட்டார்? கப்பல்காரன் டூர்ல அது இருக்கறதாலயா? அவங்க ஏஜென்ட் மாதிரியே பேசறீங்க.

தேங்காய்த்திட்டு:
வார்த்தையை அளந்து பேசுங்க தம்பி. மாத்ரிமந்திர் உள்ள போக முன்பதிவு வேணும், வந்த அன்னைக்கு வந்த உடனே யாரும் உள்ள போக முடியாது. வெளியேருந்து பாக்கற இடத்துக்கே பார்வையாளர் மையத்துலருந்து ஒரு கிலோமீட்டர் நடை. சக்கர நாற்காலிக் குடும்பத்துக்கு அதை எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் சாயந்தரம் ஆரோவில்னு எழுதினீங்க. சாயந்தரம் கப்பல் போயிருக்கும். சிதம்பரமும் அதே கதைதான். மதியம் 12 மணி வாக்குல நடை சாத்தினா சாயந்தரம்தான். பிச்சாவரம் முடிச்சு நீங்க சிதம்பரம் போய்ச் சேரும்போது கோபுர வாசலைத்தான் பாக்கலாம்.

வெள்ளிக்கடற்கரை:
யாரைத் தம்பிங்கறீங்க? வயசு தெரியுமா உங்களுக்கு?

சிதம்பரத்தை விடுங்க. பிச்சாவரம் ஒன்றரை மணி நேரம். 9 மணிக்குக் கரை, 10:30க்குப் பிச்சாவரம், 12:30க்குக் கிளம்பினா 2 மணிக்குப் படகுத்துறை. ஒரு மணி நேரத்துக்கு மேல கையில இருக்கு. அப்படியே தவறினாலும் உலகம் முடிஞ்சிடாது. அடுத்த துறைமுகம் சென்னை. ஈசிஆர்ல நூத்தி அம்பது கிலோமீட்டர் சொச்சம், மூணு மணி நேரம். கப்பலுக்கு முன்னாடி நீங்க சென்னையில இருப்பீங்க.

தேங்காய்த்திட்டு:
பெட்டி, பெரியவங்க மாத்திரை, பசங்க துணி எல்லாம் கப்பல் அறையில. நாலு பேர் கட்டின துணியோட ராத்திரி சென்னையில அறை தேடணும். மறுநாள் துறைமுக வாசல்ல நின்னு உங்க பெட்டிக்கு நீங்களே மனு போடணும். கப்பல்காரன் டூர்ல போன வண்டி பஞ்சரானா கப்பல் காத்திருக்கும், இல்லன்னா அவங்க செலவுல அடுத்த ஊருக்கு அனுப்புவாங்க. தனியா போனவனுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. கூடுதல் காசு எதுக்குன்னு கேக்கறீங்களே, இதுக்குத்தான். நம்ம ஊருக்காவது ஈசிஆர் இருக்கு. இதே பழக்கத்தோட சிங்கப்பூர் கப்பல்ல போய் புக்கெட்ல தவறவிட்டா? பாஸ்போர்ட், விசா, விமானம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. போன் தானா தாய்லாந்து நேரத்துக்கு மாறிடும், கப்பல் சிங்கப்பூர் நேரத்துலயே இருந்தா போன்ல 4 மணின்னு தெரியும்போது கப்பல்ல 5. தானியங்கி நேரத்தை அணைச்சு வைக்கணும், இல்ல கைக்கடிகாரம் கட்டிக்கணும்.

வெள்ளிக்கடற்கரை:
பிச்சாவரத்தைப் பத்திக் கேட்டா புக்கெட் போயிட்டார். பினாங்குல என்ன பண்றாங்க? கப்பல்லருந்து இறங்கி நடந்தே ஜார்ஜ் டவுன் போறாங்க, லிட்டில் இந்தியாவுல சாப்பிட்டுட்டு வர்றாங்க. எந்த டூரும் கிடையாது.

தேங்காய்த்திட்டு:
பினாங்குல கப்பல் சுவெட்டன்ஹம் துறையிலயே அணையுது! அங்க படகே கிடையாது. அந்த மாதிரி ஊர்ல டூர் வாங்காதீங்கன்னு நானும்தான் சொல்வேன். இங்க படகு. படகு. படகு. இதைத்தான் முதல் பதிவுலருந்து சொல்றேன்.

முத்தியால்பேட்டை:
பாண்டியோட பழைய துறைமுகப் பாலம் மட்டும் நிமிர்ந்து நின்னிருந்தா இந்தப் பேச்சே இல்ல. 2022 மார்ச்சுல இடிஞ்சு விழுந்தது. அதே வருஷம் ஜூன்ல கப்பலுக்கு அனுமதி இல்லன்னாங்க, சூதாட்டம், கலாச்சாரம்னு. இப்ப மட்டும் கலாச்சாரம் எங்க போச்சு?

பாகூர்_ஏரி:
பழைய பாலம் நின்னிருந்தாலும் இவ்வளவு பெரிய கப்பல் அதுல அணையாது. அரசியலை வேற திரியில வச்சுக்கோங்க.

திருப்பாப்புலியூர்:
கடலூர் துறைமுகம் பாண்டிக்கு எத்தனையோ காலம் முன்னாடியே கப்பல் பார்த்தது. கடில ஆறும் உப்பனாறும் சேர்ற இடம். அங்க இறக்கினா பிச்சாவரம் 50 கிலோமீட்டர்தான்.

தேங்காய்த்திட்டு:
அங்கயும் கப்பல் ஒரு மைல் வெளியதான் நிக்கும். மறுபடியும் படகுதான்.

வெள்ளிக்கடற்கரை:
கடலூர்லருந்துன்னா ஒரு மணி நேரம். அப்ப பாண்டியிலருந்து ஒன்றரை மணி சரியாத்தானே வருது?

பாகூர்_ஏரி:
தேங்காய்த்திட்டுலருந்து கடலூர் மஞ்சக்குப்பம் வரவே காலை நெரிசல்ல முக்கால் மணி நேரம்.

வெள்ளிக்கடற்கரை:
மஞ்சக்குப்பம் எதுக்குப் போறீங்க? நாலுவழிச் சாலைன்னு எத்தனை தடவை எழுதறது?

நெல்லித்தோப்பு:
அண்ணே, கடல் கொந்தளிப்பா இருந்து கேப்டன் பாண்டியையே ரத்து பண்ணிட்டா முன்பணம் கொடுத்த வண்டிக்காசு திரும்பக் கிடைக்குமா?

தேங்காய்த்திட்டு:
கப்பல்காரன் டூர்னா திருப்பிக் கொடுப்பாங்க. வெளிவண்டின்னா நீங்க பேசினதைப் பொறுத்தது. "கப்பல் வரலன்னா முன்பணம் வாபஸ்"னு வாட்ஸ்அப்புல எழுதி வாங்கிக்கோங்க, வாய்வார்த்தை வேண்டாம். முன்பணமும் கொஞ்சமாக் கொடுங்க. அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குக் காத்து, அப்ப இந்தக் கவலை ரொம்ப அதிகம். அந்த மூணு மாசத்துல வெளிவண்டிக்கு முன்பணமே கொடுக்காதீங்க, துறைமுக வாசல்ல பிடிச்சுக்கலாம்.

வெள்ளிக்கடற்கரை:
வாசல்ல பிடிச்சா ஆல் இந்தியா பர்மிட் வண்டி கிடைக்குமா?

தேங்காய்த்திட்டு:
பாண்டிக்குள்ள சுத்த அது எதுக்கு?

வெள்ளிக்கடற்கரை:
பிச்சாவரம் போக.